திருப்பலியிற் பல்குரலிசை: ஒரு வழக்கின் வரலாறு

இறைவனை இசையால் வழிபடுதல் தகும் என்பதிற் கத்தோலிக்கத் திருச்சபையாரிடையே பெரும் வேறுபாடு எழுந்ததில்லை. எவ்விசை தகும் என்பதிலேயே வழக்கு எழுந்தது. அவ்வழக்கிற் பல்குரலிசை அடைந்த நிலைமாற்றம் ஈண்டு ஆராயப்படுகின்றது.

பல்குரலிசையாவது, வெவ்வேறு மெட்டுக்களைப் பல குரல்கள் ஒரே காலத்திற் பாடி இயைவது. ஒரு மெட்டினையே அனைவரும் பாடுதற்குப் பழகிய நம் செவிக்கு அது புதிது. அதனின் மூத்த கிரகோரியப் பண்ணோ ஒரே மெட்டாய், இலத்தீன் மறைமொழியின் வழியே செல்வது.

பல்குரலைக் கடிந்த ஆணைகளுட் பெயர் பெற்றது, அவிஞோன் நகரிலிருந்த பாப்பரசர் இருபத்திரண்டாம் அருளப்பர் 1324-25-இல் விடுத்தது. புதுநெறிப் பாடகர் சுரங்களைத் துண்டாடுகின்றனர், செவியை மயக்குகின்றனர், பத்தியை வளர்த்திலர் என்பது அவர் குறை. எனினும் அவர் பல்குரலை முற்றும் விலக்கினாரல்லர். மூலமெட்டுச் சிதையாதவாறு சில சுர இயைபுகளைத் திருநாள்களிற் சேர்க்க இசைந்தார்.

ஆணையால் அவ்விசை ஓய்ந்திலது. பின்வந்த டுபே, ஜோஸ்கன் முதலிய பெரும்புலவர் ‘ஆயுதமேந்திய மனிதன்’ என்னும் உலகியற் பாட்டின் மெட்டையே அடிப்படையாகக் கொண்டு திருப்பலி இசை யாத்தனர். குரல்கள் ஒன்றையொன்று துரத்த, மறைமொழியின் சொற்கள் கேட்போர்க்கு விளங்காதொழிந்தன. இக்குறை பொய்யன்று.

1555-இல் மூன்று வாரமே அரசிருந்த பாப்பரசர் இரண்டாம் மார்செல்லுஸ், பெரிய வெள்ளியன்று பாடகரை அழைத்து, அந்நாளின் துயருக்கேற்பவும் சொல் விளங்கவும் பாடுக என்றார். 1562-இல் திரிதெந்துச் சங்கம், காமச்சுவையும் தூய்மையின்மையும் கலந்த இசையைக் கோயிலினின்று நீக்குமாறு விதித்தது. பல்குரலைப் பெயர் சுட்டி விலக்கவில்லை. 1565 ஏப்பிரல் 28-ஆம் நாள், பாப்பரசரின் பாடகர் கர்தினால் வித்தெல்லியின் இல்லத்திற் கூடிச் சில திருப்பலி இசைகளைப் பாடினர். சொற்கள் செவிக்குப் புலனாகின்றனவா என்று அறிதலே நோக்கம்.

சங்கத்தார் பல்குரலை அறவே ஒழிக்கவிருந்தனர் என்றும், பலஸ்திரீனாவின் ‘மார்செல்லுஸ் திருப்பலி’ கேட்டு மனம் மாறினர் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. 1607-இல் அகத்சாரி எழுதியதை ஒட்டிப் பரவிய இக்கதையை 1828-இற் பாயினியின் வரலாற்று நூல் விரித்தது. ஆயின் வித்தெல்லி இல்லத்திற் பாடப்பெற்றவை எவை என்று பாடகரின் நாட்குறிப்பு கூறவில்லை. அத்திருப்பலி இசை அச்சேறியதும் 1567-இலேயாம். அவ்விசையிற் சொற்கள் தெளிவுற ஒலிப்பது மட்டும் உண்மை. கதைக்குரிய அப்பலஸ்திரீனாவே, சங்கம் முடிந்து ஏழாண்டுக்குள், 1570-இல், அவ் ‘ஆயுதமேந்திய மனிதன்’ மெட்டின்மீது ஒரு திருப்பலி இசையை வெளியிட்டார் என்பதையும் நோக்குக. 1582-இல் அதே மெட்டில் மற்றொன்றை வெளியிட்டபோது, ‘நான்காம் திருப்பலி’ என்று மட்டும் பெயரிட்டார். மெட்டு நின்றது; பெயரே மறைந்தது.

1903 நவம்பர் 22-ஆம் நாள் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் விடுத்த ஆணையோ கிரகோரியப் பண்ணையே உயர்ந்த முன்மாதிரி என்றது. அதனை நெருங்கும் இசை அத்துணைத் தூயது என்றது. நாடக மேடையின் பாங்கை அது கடிந்தது. பியானோ, முழவு போன்றவற்றை விலக்கியது. பெண்டிரைப் பாடகர் குழுவிற் சேர்த்தல் கூடாதென்றது. அதே ஆணை பலஸ்திரீனாவின் பல்குரலிசையைக் கிரகோரியப் பண்ணுக்கு அடுத்த தகுதியுடையதெனப் போற்றியமையே நம் ஆராய்ச்சிக்கு முதன்மையானது. அருளப்பர் ஐயுற்ற கலையின் வழித்தோன்றல், ஏறத்தாழ அறுநூறு ஆண்டுக்குப்பின், புதுமைக்கெதிரான அளவுகோலாயிற்று. தொன்மையையே தூய்மையாகக் கொண்டமை அவ்வாணையின் குறை எனலாம். சொல் விளங்குகின்றதா என்ற 1565-ஆம் ஆண்டுச் சோதனை எனக்கு அதனினும் நேரியதாகத் தோன்றுகின்றது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட வழிபாட்டுச் சட்டம் கிரகோரியப் பண்ணுக்கு முதலிடத்தையும் குழலார்கனுக்கு உயர்மதிப்பையும் நிலைநிறுத்திற்று. ஆயினும் மறைபரப்பு நாடுகளில் அவ்வம் மக்களின் இசைமரபுக்கு இடமளிக்க வேண்டும் என்றும், வழிபாட்டிற்கேற்ற பிற இசைக்கருவிகளை அவ்வந் நாட்டுத் திருச்சபை ஆட்சியரின் இசைவுடன் சேர்க்கலாம் என்றும் கூறிற்று. 1967-ஆம் ஆண்டு இசை அறிவுரையும் இவற்றையே விரித்தது. தமிழகத்துக் கோயில்களில் இன்று தமிழ்ப்பாடலுடன் முழவு ஒலிப்பது இவ்விதிகளின் வழியதே.