தற்காப்பு முதலீடு (திருப்பூர் பின்னலாடைத் தொழில்)

விலைவாசி ஏறி, விற்பனை சரியும் அறிகுறி தெரியும்போது லாபத்தைவிட முதலைக் காப்பதற்கு முன்னுரிமை தரும் முறை. திருப்பூருக்கு இதில் பெரிய சோதனை 2022. அவ்வாண்டு மே மாதத்தில் 356 கிலோ எடையுள்ள ஒரு கண்டி பஞ்சு 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 14 முதலே பஞ்சு இறக்குமதி வரி விலக்கப்பட்டிருந்தும், நூல் விலையைக் கண்டித்து மே 16, 17 தேதிகளில் நிறுவனங்கள் கதவடைத்தன. ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதமானது, பின்னர் ஆர்டர்களும் சுருங்கின. 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது.

விலை ஏறுகிறதே என்று குடோனில் நூலை அடுக்குவது நல்ல காப்பாகத் தோன்றும். ஆனால் பஞ்சு விலை இறங்கினால், அதிக விலை நூலில் ஓட்டிய பனியனையும் அன்றைய விலைக்கே தள்ள வேண்டிவரும். ஆர்டர் உறுதியான பின் அதற்கான நூலை மட்டும் புக் செய்வதே பாதுகாப்பு. டாலருக்கு முன்பேர ஒப்பந்தம், வாங்குபவர் பணம் தராமற்போனால் ஈடுகட்டும் இ.சி.ஜி.சி. காப்பீடு ஆகியவையும் இவ்வகையே. மின்செலவைக் கட்டுப்படுத்தக் காற்றாலையில் பணம் போட்டோரும் உண்டு.

நிலத்தை நம்புவோர் இங்கு அதிகம். ஆனால் மந்தத்தில் அது சீக்கிரம் விலைபோகாது. தங்கத்தை அடகு வைத்தாவது சனிக்கிழமை சம்பளம் போட்டுவிடலாம். பாக்கி வசூலாகக் காத்திருக்கும் பவர் டேபிள் (கூலிக்குத் தைத்துத் தரும் கூடம்) உரிமையாளர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஒரு வழிதான்.