மறுசுழற்சிச் சின்னம்

ஒன்றன் வாலை ஒன்று தொட்டபடி வளைந்து சுற்றும் மூன்று அம்புகளால் ஆன முக்கோணக் குறி. அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில், தயிர் டப்பா, குப்பைத்தொட்டி என நாள்தோறும் கைபடும் பொருள்களில் உலகெங்கும் காணப்படுவது. 1970-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் வரைந்தது. அன்றாட நுகர்வைப் பற்றி மக்களைச் சிந்திக்கவைக்க வடிவமைப்புக் கலை உருவாக்கிய குறிகளில் இந்த அளவுக்குப் பரவியவை மிகச் சில. அதே குறி பிற்காலத்தில் மக்களைத் தவறாக நம்பவைக்கவும் பயன்பட்டது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அதன் வரலாறு முழுமை பெறும்.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்காவில் பீரும் குளிர்பானமும் பெரும்பாலும் திருப்பித் தரும் கண்ணாடி பாட்டில்களில்தான் விற்கப்பட்டன. முன்பணம் கட்டி வாங்கிய பாட்டிலைக் கடையில் கொடுத்தால் காசு திரும்பக் கிடைக்கும். நம் ஊரில் கோலி சோடா குடித்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. போருக்குப் பின் தகர டின்களும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பாட்டில்களும் அந்த இடத்தைப் பிடித்தன. காலி பாட்டிலைத் திரும்பச் சுமந்துவந்து கழுவி நிரப்பும் செலவு நிறுவனங்களுக்கு மிச்சமானது. குப்பை சாலையோரங்களுக்கு வந்தது.

வெர்மான்ட் மாநிலம் 1953-இல் திருப்பித் தர முடியாத பீர் பாட்டில்களுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டில் பொதிகட்டுத் தொழில், குளிர்பானத் தொழில் நிறுவனங்கள் சேர்ந்து 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்பைத் தொடங்கின. குப்பை போடுபவர்தான் குற்றவாளி என்பதே அதன் பரப்புரையின் சாரம். எறிவதற்கென்றே பொருளைச் செய்தவரைப் பற்றி அதில் பேச்சில்லை. சூழல் பொறுப்பைத் தனிமனிதர் தலையில் வைப்பதா, உற்பத்தியாளர் தலையில் வைப்பதா என்ற வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது. மூன்று அம்புகள் பிறந்ததும் அந்த வழக்கின் நடுவில்தான்.

1969 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா கடற்கரையில் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டது. அவ்வாண்டு ஜூனில் ஒஹையோவின் கயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றியது. மக்களிடம் மூண்ட கோபம் 1970 ஏப்ரல் 22 அன்று முதல் புவி நாளாக வெளிப்பட்டது. சுமார் 2 கோடி அமெரிக்கர்கள் அதில் பங்கேற்றனர்.

போட்டியும் வடிவமும்

சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட 'கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா' அட்டைப்பெட்டி செய்யும் நிறுவனம். பழைய தாள்தான் அதன் மூலப்பொருளில் பெரும்பங்கு. அதை நிறுவிய வால்டர் பேப்கே, பவ்ஹவுஸ் பள்ளியிலிருந்து வந்த ஹெர்பர்ட் பேயர் போன்ற கலைஞர்களைத் தொழிலுக்குள் அழைத்துவந்தவர். கொலராடோவின் ஆஸ்பென் நகரில் 1951-இல் தொடங்கிய பன்னாட்டு வடிவமைப்பு மாநாட்டுக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. முதல் புவி நாளை ஒட்டி இந்நிறுவனம் கலை, வடிவமைப்பு மாணவர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தது. மறுசுழற்சித் தாளில் அச்சிடத்தக்க ஒரு சின்னம் வேண்டும் என்பதே அழைப்பு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வரைவுகள் வந்தன. பேயரும், திரைப்படத் தலைப்புக் காட்சிகளுக்குப் பெயர்பெற்ற சால் பாஸும் நடுவர்களில் இருந்தனர்.

தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்ற 23 வயது கேரி ஆண்டர்சன் வென்றார். அவர் அனுப்பிய மூன்று வரைவுகளில் மிக எளிமையானதற்கே பரிசு கிடைத்தது. பரிசுத்தொகை 2,500 டாலர். வரைவதற்கு ஓரிரு நாள்தான் ஆனது என்று பின்னாளில் அவர் சொன்னார். ஆனால் அதற்கான விதைகள் முன்பே விழுந்திருந்தன. பள்ளிப் பருவத்தில் ஒரு செய்தித்தாள் அச்சகத்தைப் பார்க்கப் போனபோது, உருளைகளின் மேல் மடிந்து வளைந்து ஓடிய தாள் அவர் மனத்தில் பதிந்திருந்தது. டச்சு ஓவியர் எஷரின் முடிவில்லாச் சுழல்களிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது.

சின்னத்தின் உயிர் அதன் மடிப்பில் இருக்கிறது. ஒரு தாள் நாடாவை எடுத்து, ஒரு முனையை அரைத் திருப்பு திருப்பி மறுமுனையோடு ஒட்டினால் கிடைப்பது மோபியஸ் நாடா. ஜெர்மானியக் கணிதவியலர் மோபியஸ் 1858-இல் விவரித்த வடிவம் இது. அதன் மேல் விரலை ஓட்டினால் உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற வேறுபாடே இல்லாமல் தொடங்கிய இடத்துக்கே வந்துசேரலாம். ஆண்டர்சனின் மூன்று அம்புகளில் இரண்டு ஒரு வகையாகவும் ஒன்று வேறு வகையாகவும் மடிகின்றன. அதனால் அது ஒரே அரைத் திருப்பு கொண்ட மோபியஸ் நாடாவாகிறது. பிற்கால நகல்கள் பலவற்றில் மூன்று அம்புகளும் ஒரே வகையில் மடிக்கப்பட்டுள்ளன. அவற்றில் மூன்று அரைத் திருப்புகள் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், முதல் வடிவத்தின் சிறு முரணில் ஓர் அழகு இருக்கிறது. அதை இழந்த நகல்களில் ஒரு விறைப்பு தெரிகிறது. நிறுவனத்தின் வடிவமைப்பாளர் வில்லியம் லாய்ட் சின்னத்தைத் திருப்பி, முனையில் நின்றதை அடிப்பாகத்தில் அமரவைத்தார். இன்று நாம் காண்பது அந்த நிலையே.

ஆஸ்பெனில் எழுந்த எதிர்க்குரல்

போட்டியின் நடுவர்கள் கூடிய 1970 ஆஸ்பென் மாநாட்டின் பொருளே சுற்றுச்சூழல்தான். அங்கு மாணவர்களும் சூழல் ஆர்வலர்களும் மேடையை நோக்கிக் கேள்விகளை அடுக்கினர். பிரான்சிலிருந்து வந்த குழுவின் சார்பில் சமூகச் சிந்தனையாளர் ழான் போத்ரியார் எழுதிய அறிக்கை வாசிக்கப்பட்டது. சூழலைக் காப்போம் என்ற முழக்கம் சமூகத்தின் உண்மையான முரண்பாடுகளை மறைத்துவிடுகிறது என்பது அதன் வாதம். வடிவமைப்புலகின் தலைசிறந்தவர்கள் கூடியிருந்த இடத்தில் எழுந்த அந்தக் குரல் அன்று பலருக்குக் கசந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் நடந்ததைப் பார்க்கும்போது, அதை இன்னும் பொறுமையாகக் கேட்டிருக்கலாம் என்றே படுகிறது.

மறு ஆண்டின் புவி நாளிலேயே அதற்குச் சான்று கிடைத்தது. கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல் அமைப்பின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று 1971-இல் வெளியானது. குப்பை மிதக்கும் ஆற்றில் படகு ஓட்டிவரும் அமெரிக்கப் பழங்குடி மனிதர் ஒருவர் கண்ணீர் விடுகிறார். நாட்டையே உலுக்கிய காட்சி. ஆனால் பழங்குடியாக நடித்த 'அயன் ஐஸ் கோடி' இத்தாலியக் குடியேறிகளின் மகன். அதே ஆண்டு ஓரெகன் மாநிலம் பாட்டில்களுக்கு முன்பணச் சட்டம் கொண்டுவந்தபோது, அந்த அமைப்புக்குப் பின்னால் இருந்த தொழில்துறை அத்தகைய சட்டங்களை எதிர்த்தது. தமிழ்நாட்டில் 2022-இல் நீலகிரியில் தொடங்கி, டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டமும் ஓரெகனின் முன்பணச் சட்டத்தைப் போன்றதே. சென்னை உயர்நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் நடைமுறைக்கு வந்த அத்திட்டம், காட்டில் உடைந்த கண்ணாடியை மிதிக்கும் யானைகளுக்காகச் செய்யப்பட்டது. அங்கே பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருவது பத்து ரூபாய், சின்னம் அல்ல.

பரவலும் காவலின்மையும்

சின்னத்தை வணிகக் குறியாகப் பதிவுசெய்ய நிறுவனம் விண்ணப்பித்தது. எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. சின்னம் பொதுச்சொத்தானது. எவரும் காசு கொடுக்காமல் அச்சிடலாம் என்பதால்தான் அது கண்டங்களைத் தாண்டியது. ஆண்டர்சனே அதை மறந்திருந்த காலத்தில், ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய குப்பைத்தொட்டியின் மேல் தன் அம்புகளைக் கண்டு திகைத்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் உரிமையாளர் இல்லாத சின்னத்துக்குக் காவலரும் இல்லை. எதன்மீது பொறிக்கலாம், எதன்மீது கூடாது என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. பின்னர் வந்த குழப்பங்களுக்கெல்லாம் வேர் இதுதான்.

அமெரிக்கத் தாள் தொழில் தன் பங்குக்குச் சின்னத்தை இரண்டாகப் பிரித்தது. மறுசுழற்சி செய்த தாளால் ஆனது ஒன்று. மறுசுழற்சி செய்யத்தக்கது மற்றொன்று. கடையில் நிற்பவர் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. ஜெர்மனியின் 1991 பொதிகட்டு ஆணையோடு வந்த 'பச்சைப் புள்ளி' இன்னொரு குழப்பம். உற்பத்தியாளர் கழிவு சேகரிப்புக்குப் பணம் கட்டிவிட்டார் என்பது மட்டுமே அதன் பொருள். பலரும் அதை மறுசுழற்சிக்கான உறுதிமொழியாகவே படித்தார்கள்.

பிளாஸ்டிக் எண்கள்

ஆழமான காயம் 1988-இல் ஏற்பட்டது. அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் பிளாஸ்டிக் வகைகளுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுத்து, ஒவ்வோர் எண்ணையும் மூன்று அம்புகளுக்குள் வைத்தது. தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக்குக்கு 1, பிவிசிக்கு 3, தெர்மாகோல் வகைக்கு 6, மற்ற எல்லாவற்றுக்கும் 7. வகை பிரிப்பவர்களுக்கு உதவும் குறியீடு என்பதே சொல்லப்பட்ட நோக்கம். ஏறத்தாழ 40 மாநிலங்கள் அதைக் கட்டாயமாக்கின. உண்மையில் சந்தை இருந்தது பெரும்பாலும் 1, 2 எண்களுக்கு மட்டுமே. மற்றவையும் அம்புகளைச் சுமந்ததால் எல்லாமே திரும்ப வரும் என்று மக்கள் நம்பினார்கள். மறுசுழற்சி நடக்கிறது என்று மக்கள் நம்பினால் சுற்றுச்சூழலைப் பற்றி அவ்வளவு கவலைப்பட மாட்டார்கள் என்று அச்சங்கத்தின் முன்னாள் தலைவர் லாரி தாமஸ் 2020-இல் வெளிப்படையாகவே பேசினார்.

இந்திய பாட்டில்களின் அடியிலும் இந்த எண்களைக் காணலாம். ஆனால் நம் காயலான் கடைகளில் பிளாஸ்டிக் பிரிப்பவர்கள் எண்ணை நம்பி வேலை செய்வதில்லை. வளைத்துப் பார்ப்பார்கள், கசக்கும்போது எழும் ஒலியைக் கேட்பார்கள், தேவைப்பட்டால் ஓரத்தைக் கொளுத்தி வாசனை பிடிப்பார்கள். நாட்டின் மறுசுழற்சியைத் தாங்கிநிற்கும் இந்த அறிவுக்கு எந்தச் சின்னமும் இல்லை.

ஆய்வாளர் ரோலண்ட் கெயரும் அவர் குழுவும் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியானது சுமார் 9 விழுக்காடு. எரிக்கப்பட்டது 12 விழுக்காடு. மீதி 79 விழுக்காடு குப்பைக்கிடங்குகளிலும் இயற்கையிலும் கிடக்கிறது. 2018-இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை மூடியபோது, தங்கள் தொட்டிகளிலிருந்து போனது எங்கே சேர்ந்துகொண்டிருந்தது என்பது மேலைநாட்டு மக்களுக்குத் தெரியவந்தது.

சின்னம் ஆறுதல் தந்த இடத்தில் கலைஞர்கள் சிலர் அளவைக் கண்முன் நிறுத்த முயன்றனர். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் கிறிஸ் ஜோர்டனின் 2007 ஆக்கம் ஒன்று இருபது லட்சம் பிளாஸ்டிக் பாட்டில்களைக் காட்டுகிறது. அன்று அமெரிக்காவில் ஐந்து நிமிடங்களில் பயன்படுத்தப்பட்ட எண்ணிக்கை அது. தொலைவிலிருந்து பார்த்தால் வெறும் நிறப்பரப்பு. அருகே போனால் ஒவ்வொரு பாட்டிலாகத் தெரியும். அந்தப் படத்தின் முன் நிற்பவருக்கு மூன்று அம்புகள் தரும் நிம்மதி கிடைக்காது.

திருத்தங்கள்

எண் குறியீட்டின் பொறுப்பை ஏற்ற தரநிர்ணய அமைப்பான ஏஎஸ்டிஎம், 2013-இல் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணத்தை வைத்தது. பழைய அச்சுகளை மாற்றச் செலவாகும் என்பதால் அம்புகள் இன்னும் பெரிதாகக் குறையவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் எண்ணோடு சேர்ந்த அம்புகள் நுகர்வோரைத் தவறாக எண்ணவைக்கின்றன என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு எழுதியது. கலிஃபோர்னியா 2021-இல் நிறைவேற்றிய சட்டம் இன்னும் உறுதியானது. மாநில மக்கள்தொகையில் குறைந்தது 60 விழுக்காட்டினர் வாழும் பகுதிகளில் ஒரு பொருள் உண்மையாகவே சேகரிக்கப்பட வேண்டும். பிரிப்பு நிலையங்களில் அது தனியாக எடுக்கப்படவும் வேண்டும். இல்லையென்றால் அதன்மீது அம்புகளைப் பொறிக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். பொதுவெளியில் காவலின்றி விடப்பட்ட சின்னத்துக்கு, அரை நூற்றாண்டு கழித்து, ஒரு மாநில அளவிலாவது காவல் கிடைத்திருக்கிறது.