ஐயரின் இரண்டு விடுதிகள்

பாப்பாரப்பட்டியில் நான் வேலை பார்க்கும் பாங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் சுப்பிரமணிய சிவாவின் சமாதி. சிறையில் வாங்கிய தொழுநோயோடு, ரயிலேற அனுமதியில்லாமல், கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் அலைந்த மனிதர் இங்கே வந்து ஆசிரமம் கண்டார். ஜாதி பேதமின்றி எவரும் நுழையக்கூடிய பாரத மாதா கோயிலுக்கு 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புமுன் சிவா போய்விட்டார். இன்று அங்கிருப்பது அரசு கட்டிய நினைவாலயம்.

அவர் இறந்தது 1925 ஜூலை 23. அதற்கு ஐம்பது நாள் முன்பு, ஜூன் 3-ல், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் வ.வே.சு. ஐயர் மாண்டார். அவரும் ஆசிரமம் கண்டவர். ஐயரை நம் வட்டத்தில் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவராகவும் கம்பனைப் பற்றி எழுதியவராகவும் படிக்கிறோம். அரசியல்காரர்கள் சேரன்மாதேவி விவகாரத்தின் பிரதிவாதியாகப் படிக்கிறார்கள். ஹாஸ்டல்வாசியாக அவரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்த ஐயரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

1905-ல் சியாம்ஜி கிருஷ்ணவர்மா லண்டனில் ஹைகேட் பகுதியில் திறந்த இந்தியா ஹவுஸ், மற்றபடி என்னவாக ஆனாலும், முதலில் ஒரு மாணவர் விடுதி. வெள்ளைக்கார வீடுகளில் அறை கிடைப்பதே கஷ்டமாயிருந்த இந்தியப் பையன்கள் தங்கவும் சாப்பிடவும் ஏற்பட்ட இடம். பாரிஸ்டர் படிப்புக்குப் போன திருச்சி வக்கீல் ஐயர் அங்கே போய்ச் சேர்ந்தார். சாவர்க்கர் இருந்தார். தமிழர்களில் டி.எஸ்.எஸ். ராஜன், எம்.பி.டி. ஆச்சார்யா. மராத்தியும் பஞ்சாபியும் தமிழனும் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்தான் இந்தியன் என்கிற பிரக்ஞை அவர்களுக்குச் சித்தாந்தமாக அல்லாமல் அன்றாடப் பழக்கமாக வந்திருக்க வேண்டும். 1909 ஜூலை 1-ல் மதன்லால் திங்க்ரா கர்ஸன் வைலியைச் சுட்டதற்குப் பின் அந்த வீடு நீடிக்கவில்லை. ஐயர் மாறுவேஷத்தில் தப்பிப் புதுச்சேரி வந்தார்.

நம் ஊரில் ஹாஸ்டலின் சரித்திரம் வேறு. 1857-ல் ஏற்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்தது. பரீட்சை நடத்திப் பட்டம் தருவதோடு அதன் வேலை தீர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி, மாணவனைத் தன்னிடமே குடிவைத்துக்கொள்வது அதன் நோக்கமல்ல. மாணவன் எங்கே படுத்தான், யார் கையால் சாப்பிட்டான் என்பதெல்லாம் அவன் ஜாதியின் பொறுப்பு. உறைவிடப் பல்கலைக்கழகம் என்று நினைத்தே கட்டியது 1929-ல் சிதம்பரத்தில்தான். அதற்குள் கல்லூரிகள் தாமே விடுதி கட்டிக்கொண்டிருந்தன. படுக்கை பொதுவானாலும் பந்தி பொதுவாகவில்லை.

ஐயர் 1922-ல் தொடங்கிய குருகுலம் சேரன்மாதேவிக்கு வந்தது. பல்கலைக்கழகம் அல்ல, ஆனால் தமிழ்நாட்டின் எந்தப் பல்கலைக்கழக விடுதியையும்விட அதிக விளைவுள்ள விடுதி. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்திருந்தது. பெற்றோர் விருப்பப்படி இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிச் சாப்பாடு. அங்கே படித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அதை வீட்டில் சொன்னான். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் பிடித்துக்கொண்டார்கள். இருக்கிற இருவரும் அப்படியே இருக்கட்டும், இனிமேல் யாரையும் அந்த நிபந்தனையில் சேர்க்க வேண்டாம் என்று காந்தி ஒரு சமரசம் சொன்னார். அது ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

சொந்த முறையில் ஐயர் சமபந்திக்கு விரோதியல்ல. இதைச் சொல்லி அவரை விடுவிப்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் அவர் மேலுள்ள கனமான குற்றச்சாட்டாகப் படுகிறது. ஹைகேட்டில் இருந்தவருக்கு ஒரே பந்தி என்ன செய்யும் என்று தெரியும். தெரிந்தும், இரண்டு தகப்பன்மார் மனம் நோகக்கூடாது என்று இலையைத் தள்ளிப் போட்டார். தீயவன் செய்வது அல்ல இது; தாட்சண்யம் உள்ளவன் செய்வது.

பதினெட்டு வருஷம் கழித்தும் கும்பகோணம் அரசினர் கல்லூரி விடுதியில் பிராமணருக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவருக்கு ஒரு பானை. பானை மாறிக் குடித்ததில் எழுந்த தகராறிலிருந்து 1943-ல் திராவிட மாணவர் கழகம் பிறந்தது. ஒரு கட்சியின் முக்கால்வாசித் தலைவர்கள் மேடைக்கு வருமுன் ஏதோ ஒரு மெஸ்ஸில் அவமானப்பட்டவர்கள் என்பது என் ஊகம்.

நான் படித்த காலத்தில் பானைகள் இல்லை. அரசு விடுதிகளோ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று துறைவாரியாக, தனித்தனிக் கட்டடங்களாக இருந்தன. 2025-ல் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று ஒரே பெயர் வைத்தார்கள். அவை இல்லாவிட்டால் எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேர் பத்தாவதோடு நின்றிருப்பார்கள். ஆகவே கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. நான் இருந்தது கல்லூரியின் சொந்த ஹாஸ்டல். எல்லோரும் கலந்திருந்தோம். எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் காலனிப் பையன். என் ஷேக்ஸ்பியர் நோட்ஸ் பாதி அவன் கையெழுத்தில் இருக்கும்.

2012 நவம்பர் 7-ல் நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி எரிந்தது. அடுத்த வாரம் மெஸ்ஸில் மேஜைகள் பிரிந்துவிட்டன. யாரும் உத்தரவு போடவில்லை. வார்டன் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். ஊர்க்காரப் பையன்கள் இரண்டு பேர் வந்து, "இங்க வந்து உக்காருடா" என்றார்கள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். அவர்கள் மனம் நோக வேண்டாமென்றுதான்.

போன மாதம் அவன் தங்கையின் கல்விக் கடனுக்காக எங்கள் கிளைக்கு வந்தான். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். அப்போதெல்லாம் 'வாடா போடா'தான். விண்ணப்பத்தில் ஹாஸ்டல் கட்டணம் என்றொரு வரி உண்டு. எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.