கோடு போட்ட கட்டம்: ஒரு காலண்டர் வரலாறு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆணி அதிகமா இருந்ததால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. ஆபீஸ் காலண்டர்ல ஒருத்தர் ஃப்ரீயா பிஸியான்னு காட்டுற குட்டிக் கட்டங்கள் இருக்கு இல்லையா, அதோட வரலாறு. "இதுக்கெல்லாமா வரலாறு?"ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. இருக்குங்க. ராஜா ராணி கிடையாது, ஆனா சண்டை உண்டு :-)

மொதல்ல ஒரு சின்னக் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2020 அக்டோபர். ஊரடங்கு புண்ணியத்துல ஆபீஸ் மூடி, நான் வெள்ளிமலையில வீட்ல உக்காந்து பொட்டி தட்டிக்கிட்டிருந்தேன். கல்வராயன் மலையைத் தெரிஞ்சவங்களுக்கு எங்க ஊர் சிக்னல் பத்தி சொல்லவே வேணாம். மொட்டை மாடியில ஒரு குறிப்பிட்ட மூலையில நின்னாத்தான் நெட் வரும். அந்த மாசம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மூணு வாரம் முன்னாடியே காலண்டர்ல அந்த நாள் முழுக்க 'அவுட் ஆஃப் ஆபீஸ்'னு போட்டு வெச்சிட்டேன். காலையில அம்மாவைக் கூட்டிக்கிட்டு கச்சிராயபாளையம் வழியா கள்ளக்குறிச்சிக்கு இறங்கியாச்சு. மலைப்பாதையில செல்போன் வெறும் டார்ச் லைட்தான்.

அதே நேரத்துல மேனேஜர் அன்னைக்கு மதியம் ஒரு ரிலீஸ் வெச்சுட்டார். அது சொதப்பிடுச்சு. பழையபடி திருப்பிப் போடத் தெரிஞ்ச ஒரே ஆள் நான். டீம்ல சேர்ந்து ஆறு மாசம் கூட ஆகாத ஒரு பொண்ணு நாலு மணி நேரம் தனியா உக்காந்து அழாத குறையா போராடியிருக்கு. சாயங்காலம் ஆஸ்பத்திரி வராண்டாவுல போனைப் பாத்தா மெயில்: "சொல்லாம கொள்ளாம போயிட்டீங்க. இது உங்ககிட்ட எதிர்பார்க்கல."

எனக்குக் கோபம்னா கோபம். நான்தான் சொல்லியிருக்கேனே! மறுநாள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், என் காலண்டர்ல ஊதா நிறத்துல பளிச்சுன்னு இருக்கு. பதிலுக்கு அவரும் ஒன்னு அனுப்பினார். அவர் பக்கத்துல என் பேருக்கு நேரா வெள்ளையில சாய்வு சாய்வா கோடு. அவ்ளோதான். "காலியாத்தானே இருந்துச்சு?"ன்னு கேட்டார்.

ரெண்டு பேருமே பொய் சொல்லலை. அப்போ என்னதான் நடந்துச்சு?

அந்த வாரம்தான் எங்க ஆபீஸ்ல மெயில் சர்வர் மாத்திக்கிட்டிருந்தாங்க. எக்ஸ்சேஞ்ச் 2010-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 அக்டோபர் 13-ஆம் தேதியோட முடியுது. அதனால எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சமா மேகத்துக்கு ஏத்திக்கிட்டிருந்தாங்க. மேனேஜர் மேல போயாச்சு. நான் இன்னும் பழைய சர்வர்ல. மெயில் டீம்ல ஒரு சீனியர் அண்ணன், இந்த வேலையில பழம் தின்னு கொட்டை போட்டவர். அவர்கிட்ட போய்ப் புலம்பினேன். அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: "தம்பி, கோடு போட்டிருந்தா காலின்னு அர்த்தம் இல்ல. தெரியலன்னு அர்த்தம்."

அவர் சொல்லிக் கொடுத்ததும், அப்புறம் நானா நோண்டிப் படிச்சதும்தான் இனிமே வரப்போற கதை.

1980-கள்ல பெரிய ஆபீஸ்கள்ல ஐ.பி.எம்.மோட ப்ராஃப்ஸ்னு ஒன்னு இருந்துச்சு. மெயில், காலண்டர் எல்லாம் ஒரே பெரிய கம்ப்யூட்டர்ல. எல்லாரோட டைரியும் ஒரே இடத்துல இருந்ததால ஒருத்தர் டைரியை இன்னொருத்தர் பாக்கறது பெரிய விஷயமே இல்லை. பிரச்சனை ஆரம்பிச்சது மேஜைக்கு மேஜை தனிக் கம்ப்யூட்டர் வந்தப்புறம்தான். என் டைரி என் பொட்டியில, உங்க டைரி உங்க பொட்டியில. நான் மெஷினை ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டா நீங்க யாரைக் கேப்பீங்க?

1992-ல மைக்ரோசாஃப்ட் ஷெட்யூல் பிளஸ்னு ஒரு மென்பொருள் விட்டாங்க. அதுல இதுக்கு ஒரு எளிய வழி: ஒவ்வொருத்தரும் தன் டைரியோட சுருக்கத்தை, அதாவது எந்த நேரம் பிஸி எந்த நேரம் ஃப்ரீங்கறதை மட்டும், பொதுவான ஒரு இடத்துல எழுதி வெச்சிடணும். மத்தவங்க அதைப் பாத்துக்கலாம். 1996-ல எக்ஸ்சேஞ்ச் வந்தப்போ இந்த வழக்கம் அப்படியே அதுக்குள்ள குடியேறிடுச்சு. சர்வருக்குள்ள மறைவா ஒரு பொது ஃபோல்டர், அதோட பேரே 'ஷெட்யூல் பிளஸ் ஃப்ரீ பிஸி'. ஆளுக்கு ஒரு சீட்டு. ஷெட்யூல் பிளஸ் செத்து வருஷக்கணக்கா ஆனப்புறமும் அந்த ஃபோல்டர் பேர் மாறலை. கடை மூடினாலும் பஸ் ஸ்டாப்புக்கு அந்தக் கடை பேரே நிக்கிற மாதிரி.

அவுட்லுக் என்ன பண்ணும்னா, சும்மா விட்டா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தச் சீட்டைத் திருத்தி எழுதும். எத்தனை நாளுக்கு? ரெண்டு மாசத்துக்கு. அதுக்கு அப்பால உள்ள தேதியைக் கேட்டா, அதே சாய்வுக் கோடு. தெரியாது.

இது நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசில்லை. ரயில் டிக்கெட் கதையும் இதேதான். கம்ப்யூட்டருக்கு முன்னாடி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தனிக் கோட்டா, தனி லெட்ஜர். வேற ஊர்லேர்ந்து திரும்பி வர டிக்கெட் வேணும்னா அந்த ஊருக்குத் தந்தி அடிச்சுக் கேக்கணும். 1985 நவம்பர்ல டெல்லியில கம்ப்யூட்டர் முன்பதிவு ஆரம்பிச்சாங்க. பிறகு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத்னு அஞ்சு மையம் ஆச்சு. அஞ்சும் முழுசா ஒன்னோட ஒன்னு பேச ஆரம்பிச்சது 1999-லதான். எங்க சின்னசேலம் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு எந்த ஊர் வண்டியிலயும் இடம் இருக்கான்னு போன்லயே பாக்கற சுகத்துக்குப் பின்னாடி அவ்ளோ வருஷ உழைப்பு இருக்கு. "இடம் இருக்கா?"ங்கற கேள்வியில கஷ்டமான பகுதி கேள்வி இல்லை, அதை யார்கிட்ட கேக்கறதுங்கறதுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சீட்டு முறையில ஒரு ஓட்டை இருக்கு. சீட்டு நகல்தானே? அவுட்லுக் திறக்காமலே இருந்தா சீட்டு பழசாகிடும். ஃபோல்டரோட பிரதி இன்னொரு சர்வருக்கு வந்து சேரலைன்னா அங்க உள்ளவங்களுக்கு ஒன்னுமே தெரியாது. அதனால எக்ஸ்சேஞ்ச் 2007-ல ஆளையே மாத்திட்டாங்க. இனிமே சீட்டு வேணாம், யாராவது கேட்டா சர்வரே நேரா அந்த ஆளோட காலண்டரைத் திறந்து பாத்து அந்த நொடியில பதில் சொல்லும். இதுக்குப் பேர் அவெயிலபிலிட்டி சர்வீஸ். இந்தச் சேவை எந்த முகவரியில இருக்குன்னு அவுட்லுக்குக்குச் சொல்ல ஆட்டோடிஸ்கவர்னு இன்னொரு ஆள்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2007-க்கு மாறின எத்தனையோ ஆபீஸ்கள்ல முதல் திங்கக்கிழமை காலையில வந்த புகார் ஒன்னுதான்: "யாரைப் பாத்தாலும் கோடு கோடா வருது!"

காரணங்களை அந்த அண்ணன் விரல் விட்டு எண்ணினார்.

ஒன்னு, சான்றிதழ். புது சர்வர் தனக்குத்தானே எழுதிக்கிட்ட ஒரு பாதுகாப்புச் சான்றிதழோட வரும். அதுல சர்வரோட சொந்தப் பேர்தான் இருக்கும். அவுட்லுக் வேற பேர்ல போய்க் கதவைத் தட்டும். பேர் ஒத்துப் போகலைன்னா பிரச்சனைதான்.

ரெண்டு, முகவரி. உள்ளே இருக்கறவங்களுக்கு ஒரு முகவரி, வெளியே இருக்கறவங்களுக்கு ஒரு முகவரி. ஏதாவது ஒன்னு தப்பா இருந்தா மெயில் போகும் வரும், காலண்டர் மட்டும் ஊமை.

மூணுதான் பெரிய கூத்து. அவுட்லுக் 2007 புது சேவையைக் கேக்கும். அவுட்லுக் 2003-க்குப் புது சேவையே தெரியாது, அது பழைய சீட்டுப் ஃபோல்டரையே தேடும். அதனால புது சர்வர்லயும் பழைய ஃபோல்டரைக் கொண்டு வந்து வெச்சாகணும். அதை மறந்துட்டா, ஒரே ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்ல உள்ள ரெண்டு பேர் ஒரே ஆளைப் பாத்தா, ஒருத்தருக்கு பிஸி, ஒருத்தருக்குக் கோடு!

கண்டுபிடிக்கிற வழியையும் சொல்லித் தந்தார். மொதல்ல பிரவுசர்ல மெயிலைத் திறந்து அதே ஆளைப் பாரு. அங்க சரியா வந்து அவுட்லுக்ல மட்டும் கோடு வந்தா, காலண்டர் மேல தப்பில்லை, அவுட்லுக் வழி தெரியாம நிக்குது. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கிட்டே கீழே மூலையில உள்ள அவுட்லுக் ஐகானை ரைட் கிளிக் பண்ணினா ஒரு சோதனை மெனு வரும், எந்த முகவரிக்குப் போகுதுன்னு அதுவே காட்டிடும். ரெண்டு இடத்துலயும் கோடு வந்தா சர்வரைப் பிடி. எல்லாரும் சரியா இருந்து ஒரே ஒரு ஆள் மட்டும் கோடுன்னா, அந்த ஆளோட காலண்டர் அனுமதியைப் பாரு.

எக்ஸ்சேஞ்ச் 2013 வந்தப்போ அவுட்லுக் 2003-க்கு ஆதரவே இல்லைன்னு கதவைச் சாத்தியாச்சு. சீட்டு யுகம் அதோட முடிஞ்சது. அதுக்குள்ள புது யுகம் தொடங்கிடுச்சு: பாதிப் பேர் ஆபீஸ் சர்வர்ல, பாதிப் பேர் மேகத்துல. இப்போ ஒரு சர்வர் இன்னொரு சர்வரைக் கேக்கணும். அதுக்கு ரெண்டும் ஒன்னையொன்னு நம்பணும். நம்பிக்கை ஒப்பந்தம், முகவரி, நடுவுல காவலுக்கு நிக்கிற ஃபயர்வால்னு எல்லாம் சரியா இருக்கணும். இதுல இன்னொரு விசேஷம், ஒரு பக்கத்துலேர்ந்து சரியா வேலை செய்யும், மறுபக்கத்துலேர்ந்து செய்யாது.

எங்க கதை அதுதான். என் பக்கத்துலேர்ந்து மேனேஜர் காலண்டர் அழகா தெரிஞ்சுது. அவர் பக்கத்துலேர்ந்து என்னைக் கேட்டா, எங்க ஆபீஸ் வாசல்ல நின்ன காவல் பொட்டி "நீ யாரு, பாஸ்வேர்டு குடு"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கு. கேக்க வந்தது மனுஷன் இல்லை, இன்னொரு சர்வர். அது எங்க போய் பாஸ்வேர்டு தட்டும்? குறிப்பிட்ட ரெண்டு பாதைக்கு மட்டும் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டாங்க. பத்தே நிமிஷத்துல என் ஊதா நிறம் அவருக்குத் தெரிஞ்சிடுச்சு.

இதோட முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சா, இல்லை. 2025-ல ஒரு பாதுகாப்பு ஓட்டை காரணமா, இந்த மாதிரி பாதிப் பாதி அமைப்புல ரெண்டு பக்கமும் பொதுவா வெச்சிருந்த அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் நிறுத்த முடிவு பண்ணாங்க. தனி அடையாளம் அமைக்காதவங்களுக்கு அக்டோபர் 31-க்கு அப்புறம் நிரந்தரமா நிறுத்தம்னு அறிவிச்சாங்க. அமைக்காம விட்டா, ஆபீஸ் சர்வர்ல இருக்கறவர் மேகத்துல இருக்கறவரைப் பாக்கும்போது என்ன வரும்? அதே கோடு. 33 வருஷம் ஆச்சு, கோடு மட்டும் மாறலை.

இதையெல்லாம் ஒரு நாள் சாயங்காலம் வீட்ல சொல்லிக்கிட்டிருந்தேன். தாத்தா கேட்டுட்டு சிரிச்சார். எங்க மலை 1976 வரைக்கும் ஜாகீர்தாருங்க கையில இருந்துச்சு. அப்புறம்தான் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் எந்தக் காகிதத்துக்கும் கீழ இறங்கணும். இப்போதான் கல்வராயன்மலை தனி தாலுகா, வெள்ளிமலையே தலைமையிடம். அப்போ விடியக்காலையில நடந்து இறங்கிப் போனா ஆபீசர் இருக்க மாட்டாராம். "நாளைக்கு வா"ம்பாங்களாம். "இன்னைக்கு இருக்க மாட்டார்னு யாரும் சொல்லலையேன்னு நம்பித்தாண்டா போவோம். சொல்லலைன்னா இருக்கார்னு நாமளா நெனச்சுக்கிறதுதான். அது நம்ம தப்புதான்"னார்.

நாற்பது பக்க ஆவணம் சொல்லாததை மனுஷன் ஒரு வரியில சொல்லிட்டார்.

மேனேஜர் மன்னிப்புக் கேட்டார், மெயில்ல இல்லை, போன் பண்ணி. நானும் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டேன். திருப்பிப் போடற வேலையை அதுவரைக்கும் நான் யாருக்கும் எழுதி வெக்கலையே, அந்தத் தப்பை எந்த சர்வர் மேலயும் போட முடியாது. அடுத்த வாரமே எழுதி வெச்சேன். அம்மா இப்போ கண்ணாடி இல்லாமலே டிவி சீரியல் பாக்கறாங்க, எங்களுக்குத்தான் ரிமோட் கிடைக்கிறதில்லை :-)

பி.கு.: உங்க ஆபீஸ்ல மெயில் சர்வர் மாத்தறாங்கன்னா, முக்கியமான நாளை காலண்டர்ல போடறதோட நிறுத்தாம வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்புறம், யார் பேருக்கு நேராவது சாய்வுக் கோடு தெரிஞ்சா மீட்டிங் வெக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. அவர் எந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருக்காரோ.