பால்மானியும் மர்வ் நகரத்துத் தராசும்

பாலில் நீர் கலக்கச் சொன்ன தாயையும் அதற்கு உடன்பட மறுத்த மகளையும் பற்றிய நிகழ்ச்சியை நம் மத்ரஸாப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். மதீனாவில் இரவு நேரத்தில் நகர்வலம் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டுச் சுவருக்கு வெளியே நின்று அந்த உரையாடலைச் செவியுற்றார்கள். கலீஃபா இங்கே வந்து பார்க்கவா போகிறார் என்றாள் தாய். அவருடைய இறைவன் பார்க்கிறானே என்ற பொருளில் மகள் விடை தந்தாள். அப்பெண்ணையே தம் மகன் ஆஸிமுக்கு உமர் (ரலி) மணமுடித்து வைத்தார்கள் என்றும், அந்த வழியில் வந்தவரே உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

இதைப் பாடத்தில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. அவள் கலந்தே இருந்தால் அதை எவ்வாறு கண்டுபிடிப்பது? நல்ல கேள்விதான். அதற்கான விடை நம் பகுதியிலேயே நாள்தோறும் நடைமுறையில் உள்ளது. அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணை இருக்கிறது. அத்தகைய பண்ணைகளுக்குப் பால் சென்று சேருமுன், கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் அதனுள் ஒரு கண்ணாடிக் கருவியை மிதக்க விடுகிறார்கள். மெல்லிய கழுத்து, பருத்த வயிறு, அடியில் ஈயக் குண்டுகள். அதுவே பால்மானி, பேச்சுவழக்கில் லாக்டோமீட்டர்.

திரவத்தில் ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும். ஆகவே மூழ்கியிருக்கும் பொருளை அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளும் விசை, மேலிருந்து கீழ்நோக்கி அழுத்தும் விசையைவிட மிகுதியாக இருக்கும். அந்த வேறுபாடே மிதப்பு விசை. அப்பொருள் விலக்கிய திரவத்தின் எடை எவ்வளவோ அவ்வளவே அதன் அளவு. அடர்த்தி மிகுந்த திரவத்தில் கருவி சிறிதளவு மூழ்கினாலே அதன் எடைக்குச் சமமான திரவம் விலகிவிடும்; அடர்த்தி குறைந்த திரவத்திலோ இன்னும் ஆழ்ந்தாக வேண்டும். நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால் பசும்பாலின் அடர்த்தி ஏறத்தாழ 1.03. நீர் கலக்கக் கலக்க அந்த எண் 1 என்பதை நோக்கி இறங்கும், கருவி கீழே போகும். கழுத்தில் 28 என்று காட்டினால் 1.028 என்று பொருள்.

எளிய இக்கருவியின் முன்னோரைத் தேடிச் சென்றால் குராசானின் மர்வ் நகரத்தை அடைவோம். இன்று அது துர்க்மெனிஸ்தானில் உள்ளது. அங்கே ஹிஜ்ரி 515இல், அதாவது கி.பி. 1121இல், அப்துர் ரஹ்மான் அல்காஸினீ என்பவர் "மீஸானுல் ஹிக்மா", ஞானத்தின் தராசு, என்னும் நூலை எழுதி சுல்தான் சன்ஜருக்குச் சமர்ப்பித்தார். ரூமி இனத்தைச் சேர்ந்த அவர் அடிமைச் சிறுவனாக மர்வுக்கு வந்தவர். எசமானரின் ஆதரவால் கல்வி பெற்றவர். பின்னாளில் அரசவையிலிருந்து ஆயிரம் தினார் அன்பளிப்பு வந்தபோது அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். கையில் பத்து தினார் இருக்கிறது, ஆண்டுச் செலவுக்கு மூன்று போதும், வீட்டில் ஒரு பூனையைத் தவிர வேறு எவருமில்லை என்பது அவர் கூறிய காரணம். பைஹகீ இதைப் பதிவு செய்துள்ளார்.

அல்காஸினீ அமைத்த தராசுக்கு ஐந்து தட்டுகள். பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டிலிருந்து அடர்த்தியைக் கணக்கிட்டால், தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பது உரைக்காமலும் உருக்காமலும் தெரிந்துவிடும். அவருடைய பட்டியலில் தங்கம் 19.05, இன்றைய மதிப்பு 19.3. பாதரசம் 13.56; இன்றைய மதிப்பிலிருந்து இம்மியளவே விலகியது. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முந்தைய எண்கள் இவை!

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டியுள்ளது. எல்லா விஞ்ஞானத்தையும் முஸ்லிம்களே கண்டுபிடித்தார்கள் என்று மேடையில் முழங்குவது நம்மில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அல்காஸினீ அப்படி எழுதவில்லை. மிதப்பின் விதியை ஆர்க்கிமிடீஸுக்கு உரியதாகவே கூறுகிறார். திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் உருளைக் கருவியை, அதாவது நம் பால்மானியின் மூதாதையை, பாப்பஸ் என்னும் கிரேக்க அறிஞரின் பெயராலேயே விவரிக்கிறார். உலோகங்கள், இரத்தினங்கள் பற்றிய அளவீடுகளில் பெரும்பகுதி தமக்கு முன்பே அல்பீரூனி செய்தது என்பதையும் மறைக்கவில்லை. பிறருடைய உழைப்பை உரியவருக்கே எழுதி வைப்பதும் நிறுவையில் நேர்மைதான்.

அவருக்கு முன் அதே வேலையில் ஈடுபட்ட அல்இஸ்ஃபிஸாரீயின் கதை துயரமானது. அவர் நெடுங்காலம் உழைத்துப் போலித் தங்கத்தைக் காட்டிக்கொடுக்கும் தராசு ஒன்றைச் செய்து முடித்தார். சுல்தானின் கருவூலக் காப்பாளனுக்கு அச்சம் பிடித்தது. கருவூலத்தில் தான் செய்த மோசடி வெளிப்பட்டுவிடும் என்று அத்தராசை உடைத்து நொறுக்கினான். அந்த வேதனையிலேயே இஸ்ஃபிஸாரீ மரணமடைந்தார் என்று பைஹகீ எழுதுகிறார். அளவையில் மோசடி செய்வோரின் பெயராலேயே, "அல்முதஃப்பிஃபீன்" என ஓர் அத்தியாயம் அமைந்த வேதத்தை ஓதும் சமுதாயத்தில்தான் இதுவும் நிகழ்ந்தது.

அல்காஸினீயின் திரவப் பட்டியலில் ஆலிவ் எண்ணெய் 0.920, தேன் 1.406, பசும்பால் 1.110 என்று காணப்படுகின்றன. எண்ணெயும் தேனும் இன்றைய மதிப்போடு பொருந்துகின்றன. பாலின் எண் மட்டும் மிகை. அந்த எண்ணைக் கொண்டு பால்மானியில் கோடு கிழித்திருந்தால், உலகிலுள்ள நேர்மையான பால்காரர் அனைவரும் திருடராகியிருப்பர்.

இது வேடிக்கைக்காகச் சொன்னதன்று. திருமழிசைக்கு அப்பால் ஒன்றிரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு, பால்மானியின் இரண்டு கோடுகள் அன்றைய கூலிக்கும் மானத்துக்கும் உரிய செய்தி. பால் சூடாக இருந்தால் விரிவடையும், அடர்த்தி குறையும், கருவி ஆழ்ந்து போகும். வெந்நீருக்குத் தனியே 0.958 என்று எழுதி வைத்த அல்காஸினீ இதை நன்கு அறிந்திருந்தார். கறந்த சூடு ஆறாத பாலில் காற்றும் கலந்திருக்கும். சில மணி நேரம் கழித்து அளந்தால் அதே பால் சற்றே கூடுதலாகக் காட்டும். ஆகவே கருவிக்குரிய வெப்பநிலையைக் கவனியாமல், திருத்தமும் செய்யாமல், "தண்ணீர் கலந்திருக்கிறாய்" என்று ஒருவரை நோக்கிச் சொல்வது அவதூறு ஆகிவிடக்கூடும்.

மறுபுறம், பால்மானியை ஏமாற்றவும் வழியுண்டு. பாலாடை பாலைவிட இலேசானது; அதை எடுத்துவிட்டால் மீதிப் பாலின் அடர்த்தி ஏறும். பிறகு அளவாக நீரை ஊற்றினால் கருவி பழைய கோட்டுக்கே வந்து நிற்கும். இரண்டு திருட்டுகள் சேர்ந்து ஒரு நேர்மையாகக் காட்சி தரும்! இக்குறையை நீக்கவே கொழுப்பைத் தனியே அளக்கும் முறைகள் தோன்றின. சுவிட்சர்லாந்தின் கெர்பர் 1891இல் கண்ட முறை அவற்றுள் புகழ்பெற்றது: கந்தக அமிலத்தால் பாலின் புரதத்தைக் கரைத்துக் குழாயை வேகமாகச் சுழற்றினால், இலேசான கொழுப்பு தனியே பிரிந்து திரளும். அங்கும் வேலை செய்வது அடர்த்தி வேறுபாடே.

நூல் எழுதப்பட்டுச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1221இல், மங்கோலியர் மர்வ் நகரத்தை அழித்தனர். ஆயினும் நூல் பிழைத்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய அறிஞர் கானிகோஃப் ஒரு கைப்பிரதியைக் கண்டெடுத்து அதன் பகுதிகளை வெளியிட்டார். வேறு பிரதிகள் நம் நாட்டிலேயே இருந்தன: ஒன்று பம்பாயில் ஒரு பள்ளிவாசல் நூலகத்தில், மற்றொன்று ஹைதராபாத்தில். ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் 1940இல் அதை அரபியில் அச்சிட்டது. அதன் அட்டவணைகளைப் படித்தறிய, மத்ரஸாவின் மேல்வகுப்பு மாணவருக்கு உள்ள அரபியும் பள்ளிக்கூடத்துக் கணக்கும் போதுமானவை.