ஏழு அங்குலமும் நான்கு அங்குலமும்: பழைய மோட்டோகிராஸ் வண்டிகளின் காலப் பகுப்பு

பழைய மோட்டோகிராஸ் பந்தயங்களில் ஒரு வண்டி எந்தப் பிரிவில் ஓடலாம் என்பதை அதன் பிறந்த ஆண்டு மட்டும் முடிவு செய்வதில்லை. அமெரிக்காவில் இப்பந்தயங்களை நடத்தும் ஏ.எச்.ஆர்.எம்.ஏ. அமைப்பு, ‘விண்டேஜ்’ வண்டிகளுக்கு 1974 வரையிலான வடிவமைப்பு என்ற எல்லையோடு இன்னொரு அளவையும் வைத்திருக்கிறது: சஸ்பென்ஷன் அசைவு முன்சக்கரத்தில் 7 அங்குலத்தையும் பின்சக்கரத்தில் 4 அங்குலத்தையும் தாண்டக் கூடாது. சற்றுப் பின்னால் தயாரான வண்டியும் பழைய வடிவமைப்பிலேயே இருந்தால் உள்ளே வரலாம். பந்தய வசதிக்காகப் போட்ட விதிதான். ஆனால் மோட்டோகிராஸ் வரலாறு எந்த இடத்தில் இரண்டாகப் பிளந்தது என்பதை இந்த நாடா அளவு துல்லியமாகவே சுட்டுகிறது. கூடவே, வண்டிகளின் தரவரிசையையும் மாற்றி எழுதுகிறது.

முதல் நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் ஆங்கிலேய ஃபோர் ஸ்ட்ரோக்கின் காலம். 1924இல் சர்ரே மாவட்டத்துக் கேம்பர்லியில் நடந்த பந்தயத்திலிருந்து இவ்விளையாட்டின் கதையைத் தொடங்குவது வழக்கம். 500 சிசி பிரிவு 1957இல் உலகப் பட்டமானபோது அதை வென்ற சுவீடன்காரர் பில் நில்சன் ஓட்டியதும் ஏ.ஜே.எஸ். இன்ஜின்தான். சக்தி இருந்தது, எடையும் இருந்தது. இங்கிலாந்தின் ரிக்மன் சகோதரர்கள் ‘மெட்டிஸ்’ சேஸிஸை உருவாக்கியது அந்த எடையையும் தள்ளாட்டத்தையும் ஒழிக்கத்தான். பி.எஸ்.ஏ. நிறுவனம் வேறு வழியில் போனது. பி40 என்ற சிறிய சாலை வண்டியின் இன்ஜினை 441 சிசி வரை பெருக்கி, பெரிய வண்டிகளை ஒல்லியான வண்டியால் வீழ்த்தியது. அவ்வகை வண்டியில் ஜெஃப் ஸ்மித் 1964, 1965 பட்டங்களை வென்றார். அடுத்த ஆண்டு எடையை மேலும் குறைக்க டைட்டானிய சேஸிஸ் கட்டினார்கள். அது விரிசல் விட்டது. மைதானத்து வெல்டிங் கருவியால் டைட்டானியத்தை ஒட்டவும் முடியவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கை இன்னும் எவ்வளவு இளைக்க வைக்கலாம் என்ற கேள்விக்கு அதுவே விடை என்று கொள்ளலாம்.

அந்த 1966இல் 500 சிசி பட்டத்தை வென்றவர் கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸ். ஓட்டியது செக்கோஸ்லோவாகியாவின் ஸ்ட்ரகோனிட்சே ஊரில் செய்த 360 சிசி சி.இசட். டூ ஸ்ட்ரோக். 1967, 1968 பட்டங்களும் அவருக்கே. 250 சிசியில் பெல்ஜியத்தின் ஜோயல் ரொபேர் 1964லேயே சி.இசட். வண்டியில் வாகை சூடியிருந்தார். இதன் பின்புலத்தில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் செய்த புகைக்குழாய் ஆராய்ச்சி நிற்கிறது. புகைக்குழாயின் வயிற்றை விரித்துச் சுருக்கினால், வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையை அழுத்த அலை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும். வால்வு இல்லாத சின்ன இன்ஜினுக்குப் பெரிய இன்ஜினின் மூச்சு வந்துவிடும். 500 சிசி பட்டத்தை மறுபடி ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் வெல்ல 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு பெரிய இன்ஜின் புரட்சி நடந்தும் சக்கரங்களின் அசைவு அதிகம் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஹோண்டா 1973இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எல்சினோர் 250 ஏறக்குறைய 97 கிலோதான். விலைக்கு வாங்கி நேரே பந்தயத்தில் இறக்கலாம். ஆனாலும் பின்சக்கரம் அதே நான்கு அங்குலத்தைச் சுற்றித்தான் அசைந்தது. பள்ளம் மேடு வந்தால் ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரைக் குறைத்தே ஆக வேண்டும். வேகத்துக்கு உச்சவரம்பு போட்டது இன்ஜின் அல்ல, ஷாக் அப்சார்பர்.

அந்த வரம்பை உடைத்தவர் பெல்ஜியப் பொறியாளர் லூசியன் தில்கன்ஸ். பின்னால் இரண்டு ஷாக்குகளுக்குப் பதிலாக, டேங்குக்கு அடியில் நீளமான ஒரே ஷாக். யமஹா அதை வாங்கியது. 1973 பருவத்தின் நடுவில் அதைப் பொருத்திக்கொண்ட ஹாகன் ஆண்டர்சன் 250 சிசி பட்டத்தை வென்றார். மேற்கு ஜெர்மனியின் மைக்கோ நிறுவனம் எளிய வழியைக் கண்டது: இரண்டு ஷாக்குகளையும் ஸ்விங் ஆர்மில் முன்னோக்கி நகர்த்திச் சாய்த்தால், அதே ஷாக் சக்கரத்தைக் கூடுதல் தூரம் அசைய விடும். 1974இல் பரவிய இந்தப் போக்கு 1981க்குள் அசைவை ஓர் அடிக்கு அருகில் கொண்டுபோய்விட்டது. ஆக, 1974 என்பது நிர்வாகிகள் வசதிக்கு மட்டும் தேர்ந்த ஆண்டன்று.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். ஒரு கோட்டைக் கிழித்தால், கோட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும் வண்டிக்கே ஆதாயம். விண்டேஜ் பிரிவில் ஃப்ரீட்ரிக்ஸின் சி.இசட்., தன்னைவிட ஐந்தாறு வயது இளைய எல்சினோரோடு மோத நேர்ந்தால் எடையிலேயே பின்தங்கும். அது பெற்ற உலகப் பட்டங்கள் மைதானத்தில் உதவாது. பிரிட்டனின் ‘ஈவோ’ பிரிவு இதற்கு இன்னும் தெளிவான சான்று. காற்றில் குளிரும் இன்ஜின், டிரம் பிரேக், லிங்கேஜ் (ஷாக்கை ஸ்விங் ஆர்மோடு இணைக்கும் நெம்பு அமைப்பு) இல்லாத பின்பக்கம் ஆகியவை அதன் நிபந்தனைகள். 1980-81இல் கவாசாகி, சுசூகி, ஹோண்டா மூன்றும் லிங்கேஜுக்கு மாறிவிட்டன; தண்ணீரில் குளிரும் 125 சிசி வண்டிகளும் அப்போதே வந்தன. அந்த நேரத்தில் பழைய பாணியின் உச்சமாக வந்தது 1981 மைக்கோ 490. உலக மோட்டோகிராஸ் தனிநபர் பட்டம் எதையும் மைக்கோ ஓட்டுநர் வென்றதில்லை. நிறுவனமும் 1983இல் நொடித்துப்போனது. ஆனாலும் ஈவோவில் போட்டியிட விரும்புகிறவர்கள் முதலில் தேடும் பெயர்களில் இந்த 490உம் ஒன்று. பட்டங்களின் பட்டியலை மட்டும் வைத்துப் பழைய வண்டியை மதிப்பிடுபவர்கள் அதைத் தவறவிடுவார்கள். விதிப்புத்தகத்தை அருகில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அதன் இன்றைய மதிப்பு விளங்கும்.