தானியச் சட்டமும் திருச்சபையின் குரலும்

பன்னாட்டு வாணிபத்தால் இலாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்னும் வினா புதியதன்று. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது அப்பத்தின் விலையைப் பற்றிய வினாவாக எழுந்தது. அவ்விவாதத்தில் குருமாரும் பங்குகொண்டனர்.

1815-ஆம் ஆண்டின் தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமையின் விலை குவார்ட்டர் ஒன்றுக்கு 80 ஷில்லிங்கை எட்டும்வரை அயல்நாட்டுக் கோதுமையை விற்பதைத் தடைசெய்தது. ஆங்கிலிக்கன் குருவாகிய தாமஸ் மால்தஸ், உணவுக்குப் பிறநாட்டை நம்பியிருத்தல் ஆபத்து எனக் கருதி இத்தகைய தடையை ஆதரித்தார். அவருடைய நண்பர் டேவிட் ரிக்கார்டோ அதனை மறுத்தார். போர்த்துகல் மதுவையும் துணியையும் குறைந்த உழைப்பில் ஆக்க வல்லதாயினும், அது மதுவையும் இங்கிலாந்து துணியையும் ஆக்கி மாற்றிக்கொள்வதே இருநாட்டுக்கும் நலம் என 1817-இல் விளக்கினார்.

1841 ஆகஸ்டில் மான்செஸ்டரில் ஏறக்குறைய 700 போதகர்கள் கூடித் தானியச் சட்டத்தைக் கண்டித்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அரசுத் திருச்சபையைச் சாராதவர்கள். ஆங்கிலிக்கன் குருமாரில் மிகச் சிலரே வந்தனர். 1836-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுடைய தசமபாகம் தானிய விலையின் ஏழாண்டுச் சராசரியோடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. தானியம் மலிந்தால் அவர்கள் வருமானமும் குறையும்.

எனினும் கண்டித்தவர்கள் பக்கத்தையும் நாம் ஆராய்தல் வேண்டும். தடைநீக்க இயக்கத்தின் பெரும்பலம் ஆலை முதலாளிகளே. அப்பம் மலிந்தால் கூலியும் குறைக்கப்படும் எனத் தொழிலாளர் தலைவர் பலர் ஐயுற்றனர். அவ்வையத்திற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. இயக்கத் தலைவர்களுள் ஒருவரும் குவேக்கருமான ஜான் பிரைட், ஆலைகளில் வேலைநேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கும் 1847-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தார்.

1846-இல் பிரதமர் ராபர்ட் பீல் தானியச் சட்டத்தை நீக்கினார். 1870-களுக்குப் பின் அமெரிக்கக் கோதுமை பெருகி வந்தபோது விலை வீழ்ந்தது. நகரத்து ஏழையின் பசி தணிந்தது. நாட்டுப்புறத்துக் கூலியாட்களோ பிழைப்பிழந்து, நகரங்களுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் பெயர்ந்தனர்.

ரிக்கார்டோவின் கணக்கு தவறன்று. ஆனால் அது ஒரு தேசம் முழுவதும் அடையும் ஆதாயத்தைக் காட்டுவது. ஆதாயம் பெற்றவன் இழந்தவனுக்கு ஈடுசெய்தானா என்பதை அது கூறாது. அதனைக் கேட்பது திருச்சபையின் கடமை. ஆயின் பிறருடைய இலாப நஷ்டங்களைப் பற்றித் தீர்ப்புரைக்குமுன், இவ்வழக்கில் நமக்குரிய பங்கு யாது, நம் காணிக்கைப் பெட்டி எவர் பக்கம் சாய்கிறது என்று நம்மையே நாம் வினவிக்கொள்வோமாக.